மலைக்கு நடந்தவர்கள்: மன்னார்–மாத்தளைப் பாதையும் யாழ்ப்பாணத்தின் கடனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் அமைந்துள்ள அளவெட்டி, செம்மண் தோட்டங்களாலும் ஆழமான கிணறுகளாலும் கோயில்களாலும் பெயர்பெற்ற வேளாண் கிராமமாகும். சுண்ணக்கற் பாறையின்மீது சமதரையாகப் பரந்து கிடக்கும் குடாநாட்டில் மலை என்று சொல்லத்தக்க நிலம் எங்கும் இல்லை. ஆயினும், கடந்த இருநூறு ஆண்டுகளில் இக்கிராமமும் இதன் அயற்கிராமங்களும் கல்வியாலும் அரசாங்க உத்தியோகத்தாலும் வணிகத்தாலும் பெற்ற வளர்ச்சியை ஆராய்வோர், அவ்வளர்ச்சியின் வேர்களுள் ஒன்று இலங்கையின் நடு மலைநாட்டு மண்ணில் இறங்கியிருப்பதைக் காண்பர். அந்த மலைநாட்டைக் கோப்பியும் பின்னர் தேயிலையும் விளையும் பூமியாக்கியவர்கள், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாகச் சென்ற தொழிலாளர்களே ஆவர்.

மலைகளில் நடப்பதைப் பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் கொண்ட முன்னோடிகளை மேலைநாடுகள் நூல்களாலும் நினைவுச்சின்னங்களாலும் போற்றி வருகின்றன. இலங்கையின் மலைநாட்டுக்குத் திரளாக நடந்து சென்ற இம்முன்னோடிகள் பிழைப்புக்காக நடந்தவர்கள். திரும்பி வருவோம் என்ற உறுதி இல்லாமலே நடந்தவர்கள். அவர்கள் நடந்த பாதையின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்திலிருந்து நிருவகிக்கப்பட்ட நிலத்தினூடாகச் சென்றது என்பதும், அவர்களது உழைப்பின் பயனில் யாழ்ப்பாணச் சமூகத்துக்கும் பங்கு கிடைத்தது என்பதும், அவர்களை வரலாற்றில் உரிய இடத்தில் வைக்கும் பொறுப்பை மற்றவர்களைவிட வடபுலத் தமிழர்மீது அதிகமாகச் சுமத்துகின்றன.

மலைநாடு ஆட்களைத் தேடிய காலம்

1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், மலைநாட்டை ஆள்வதற்கு வீதிகள் இன்றியமையாதவை என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் இப்பணியில் தீவிரம் காட்டினார். வீதி வெட்டுவதற்கென அமைக்கப்பட்ட தொழிற்படை ‘பயனியர் படை’ எனப்பட்டது. பாறை உடைத்தல், காடு வெட்டுதல், பாலம் அமைத்தல் ஆகிய பணிகளைச் செய்த இப்படையில் தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள் பெருந்தொகையினராக இருந்தனர். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதியும், தோமஸ் ஸ்கின்னரின் மேற்பார்வையில் பின்னர் உருவான வீதிகள் பலவும் இவ்வாறான உழைப்பால் எழுந்தவையே.

வீதியைத் தொடர்ந்து கோப்பி வந்தது. கம்பளைக்கு அருகேயுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கியதையும், அதற்கெனத் தமிழகத்திலிருந்து ஒரு சிறு குழுவினர் அழைத்து வரப்பட்டதையும் கொண்டு, 1823ஆம் ஆண்டையே மலையகத் தமிழரின் வருகைக்குத் தொடக்க ஆண்டாகக் கொள்வது மரபாகியுள்ளது. மன்னனுக்கும் அரசுக்கும் குடிகள் ஊதியமின்றிச் செய்யவேண்டியிருந்த ‘இராஜகாரிய’ சேவை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டதும், உரிமைப் பத்திரம் காட்டப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரிய காணியாகக் கருத இடமளித்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பயிர்ச்செய்கைக்கு வழி திறந்தன. தொடக்கக் காலத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் என்ற அற்ப விலைக்கு விற்கப்பட்ட காணிகளைப் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கிக் குவித்தனர். கண்டிய விவசாயிகள் காடு வெட்டும் ஒப்பந்தங்களை ஏற்றனரேனும், சொந்த வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டத்தில் தங்கிக் கூலிவேலை செய்ய விரும்பவில்லை. அவர்களது காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பறித்தது குடியேற்ற அரசு. எனினும், அந்த இழப்பால் எழுந்த கோபம் பின்னாளில் ஒரு துண்டு நிலமும் பெறாத தொழிலாளர்மீது திருப்பப்பட்டது.

பாக்கு நீரிணையின் மறுகரையிலோ ஆட்களை வெளியே தள்ளும் சூழல் நிலவியது. நிலவரிச் சுமை, கைத்தொழில்களின் வீழ்ச்சி, அடிக்கடி பொய்த்த மழை, பண்ணையாள் முறையின் கொடுமை ஆகியவை இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளின் நிலமற்ற மக்களை வாட்டின. புறப்பட்டோருள் பெரும்பகுதியினர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய தாது வருடப் பஞ்சத்தின்போது, கடல்கடந்து செல்வது உயிர் தப்புவதற்கான வழியாகவே அமைந்தது.

நூற்றைம்பது மைல்

தொழிலாளரைத் திரட்டி அழைத்துச் சென்றவர் கங்காணி. தம் ஊராரையும் உறவினரையும் தேடிச் சென்று, முன்பணம் கொடுத்து, குழுவாகச் சேர்த்து, தோட்டம் வரை கூட்டிச் சென்று, அங்கும் அவர்களது வேலையை மேற்பார்வை செய்தவர் அவரே. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டமையால், முதல் மண்வெட்டியைப் பிடிப்பதற்கு முன்னரே அவர் கடனாளியாகிவிட்டார். அக்கடனைப் புதிய தோட்டம் கொடுத்துத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’ எனப்பட்டது. இம்முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை மனிதரின் நடமாட்டத்தைக் காகிதத் துண்டு ஒன்றே தீர்மானித்தது.

தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணிகளில் ஏறியவர்கள் தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு ஆகிய கரைகளில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த வழியாக மாத்தளையை அடைந்த பாதை ‘வடபாதை’ என வழங்கிற்று. ஏறத்தாழ 150 மைல் நீளமான இப்பாதையின் பெரும்பகுதி, பழங்காலக் குளங்கள் தூர்ந்து காடு மண்டிக் கிடந்த வறண்ட வலயத்தினூடாகச் சென்றது. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆட்கள் மலையில் இருக்கவேண்டும் என்பதால் அவர்கள் நடந்த மாதங்கள் பெரும்பாலும் வன்னியில் மழையே இல்லாத, கிணறும் குளமும் வற்றிய மாதங்களாக இருந்தன. குடிநீருக்காகச் சேறு கலந்த குட்டைகளை நாடியவர்களை வாந்திபேதியும் வயிற்றுளைவும் தாக்கின. வறண்ட வலயத்தின் மலேரியாவும், குளிருக்குப் பழகாத உடலோடு மலையேறியவர்களை வருத்திய சுவாச நோய்களும் எஞ்சியவர்களை வாட்டின. காலரா கண்டவரைச் சுமந்து செல்ல ஆளின்றிக் குழு நகர்ந்துபோவதும், வழியில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடப்பதும் வழமையாயிற்று. கோப்பிக் காலத்தில் வந்தோருள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பறிப்பு முடிந்ததும் மிச்சம்பிடித்த காசை முடிந்துகொண்டு அதே வழியால் ஊர் திரும்ப முயன்றவர்களுக்குக் காட்டு விலங்குகளோடு கள்வர் பயமும் சேர்ந்துகொண்டது.

1844, 1845 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டொன்றுக்கு எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். 1840களில் வந்தவர்களுள் ஏறத்தாழ 70,000 பேர் இறந்துவிட்டனர் என்று 1849இல் கொழும்புச் செய்தித்தாள் ஒன்று கணித்தது. இத்தொகை மிகையானதா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிக்கின்றனர். எனினும் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கினர் என்பதிலும், அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை என்பதிலும் ஐயமில்லை.

யாழ்ப்பாணக் கச்சேரியின் ஆட்சிக்குள்

1833இல் அமைக்கப்பட்ட வட மாகாணம் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் வன்னியையும் மட்டுமன்றி அநுராதபுரத்தைச் சூழ்ந்த நுவரகலாவியப் பகுதியையும் உள்ளடக்கியிருந்தது. 1873இல் வட மத்திய மாகாணம் தனியே பிரிக்கப்படும் வரை, மன்னார்க் கரையிலிருந்து மலையடிவாரத்தை நெருங்கும் வரை இத்தொழிலாளர் நடந்த நிலத்தின் பெரும்பகுதி யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ஆண்ட அரசாங்க அதிபரின் பொறுப்பில் இருந்தது. 1829 முதல் 1867 வரை அப்பதவியில் இருந்த பேர்சிவல் டைக், 1869 முதல் 1896 வரை இருந்த வில்லியம் துவைனம் ஆகிய இருவரின் காலத்திலும் வடபாதையின் நிலைமை மாகாண நிருவாகத்தின் நீங்காத கவலையாக இருந்தது.

1858இல் நிறைவேறிய கட்டளைச் சட்டம் ஒன்றின்கீழ் குடிவரு தொழிலாளருக்கான ஆணைக்குழு அமைக்கப்பட்டு, பாதையோரத்தில் கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் அமைக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. இம்முயற்சிக்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. தொழிலாளர் வழியில் இறப்பதால் தோட்டங்களுக்கு ஆட்பஞ்சம் ஏற்படும் என்ற கணக்கும், வாந்திபேதி ஊர்களுக்குள் பரவும் என்ற அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தன. நோயின் ஊற்றாகத் தொழிலாளரைக் கண்ட பார்வை, அவர்களைக் குடிகளாகக் காணும் பார்வையை மறைத்தது. ஊருக்குள் வரவிடாமல் ஒதுக்குவதில் காட்டப்பட்ட அக்கறை, நல்ல தண்ணீர் கொடுப்பதில் அதே அளவுக்குக் காட்டப்படவில்லை.

இந்தியாவில் பரவிய கொள்ளைநோயைத் தொடர்ந்து 1899இல் வடபாதை மூடப்பட்டது. அதன்பின் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தவர்கள் றாகம முகாமில் தடுத்து வைத்துப் பரிசோதிக்கப்பட்டனர். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது: தோட்டத்தின் இலக்கம் பொறித்த வட்டமான தகர வில்லை கயிற்றில் கோக்கப்பட்டு ஒவ்வொருவரின் கழுத்திலும் மாட்டப்பட்டது. அதைக் காட்டியவரின் பயணக் கட்டணம் அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதப்பட்டு, இறுதியில் அவரது கடனோடு சேர்ந்தது. பெயரும் ஊரும் கேட்கப்படவேண்டிய இடத்தில் எண் ஒன்றே போதுமானதாயிற்று. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியதும் கால்நடைப் பயணத்தின் காலம் முற்றாக முடிந்தது.

உழைப்பு ஈன்ற பொருளாதாரம்

கோப்பி ஏற்றுமதி இலங்கையின் அரச வருவாயை மாற்றியமைத்தது. கோப்பிமீது விதிக்கப்பட்ட ஏற்றுமதித் தீர்வையின் துணையோடு கட்டப்பட்ட கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை 1867இல் நிறைவுற்றது. அது 1880இல் மாத்தளையையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. கோப்பி இலையைத் தாக்கும் பூஞ்சண நோய் 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பிற்று. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலைப் பரப்பு நான்கு இலட்சம் ஏக்கரை நெருங்கியது. கோப்பிச் செடிகளைப் பிடுங்கியெறிந்து, அதே சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டு, கான் வெட்டி, மண் சரியாதபடி கல்லடுக்கியவர்கள் வடபாதையால் வந்தவர்களும் அவர்களது பிள்ளைகளுமே.

கோப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே ஆட்கள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். கொழுந்து துளிர்க்கத் துளிர்க்கப் பறிக்கவேண்டியிருந்ததால் பெண்களும் குழந்தைகளும் தோட்டத்தில் நிரந்தரமாகக் குடியமர்த்தப்பட்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள் வரிசையாகவும் முதுகோடு முதுகாகவும் அமைந்த லயன் வீடுகள் எழுந்தன. விடியுமுன் ‘பிரட்டு’ எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்குக் கூடுதல், கணக்கப்பிள்ளை பெயரைப் பதிந்ததும் ஒதுக்கப்பட்ட மலைக்கு ஏறுதல், கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தப் பகல் முழுவதும் சரிவில் நின்று கொழுந்து கிள்ளுதல், நிறுவையில் குறைந்தால் அரைப்பேரோடு திரும்புதல் என்றவாறு ஒரு பெண்ணின் நாள் கழிந்தது. ‘பேர்’ என்பது ஒரு நாள் கூலியைக் குறிக்கும் தோட்டச் சொல்லாகும்; நிர்ணயித்த இறாத்தலைப் பறிக்காதவருக்கு அதில் பாதியே கிடைத்தது. மலையில் நடப்பது அவர்களுக்கு ஒருமுறை முடிந்துபோன பயணமன்று. மழையிலும் பனியிலும் அட்டைக்கடியிலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த அன்றாட வாழ்க்கை அது.

இந்த உழைப்பு யாழ்ப்பாணத்துக்கும் பயன் தந்தது. மிசன் பாடசாலைகளிலும் சைவப் பாடசாலைகளிலும் ஆங்கிலமும் கணக்கும் கற்ற குடாநாட்டு இளைஞர் தோட்டங்களில் எழுதுவினைஞராகவும் கணக்கப்பிள்ளையாகவும் மருந்து கலவையாளராகவும், மலைநாட்டு நகரங்களில் புகையிரத, தபால், கச்சேரி உத்தியோகத்தராகவும் அமர்ந்தனர். வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை சுருட்டாகி மலைநாட்டுக் கடைகளுக்குச் சென்றது. குடாநாட்டை நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைத்து 1905இல் யாழ்ப்பாணத்தை அடைந்த புகையிரதப் பாதையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அரச வருவாயால் இயன்றவை. அவ்வருவாயின் பெருந்தூணாகத் தோட்ட ஏற்றுமதி விளங்கியது. அளவெட்டியின் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்கத் தொடங்கிய காலத்தில், அக்கல்விக்குப் பொருள் ஈட்டிய மலையகத்தின் பிள்ளைகள் ஓராசிரியர் தோட்டப் பாடசாலைகளில் சில வகுப்புகளோடு நின்றனர்; அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே. இந்த இடைவெளியைச் சொல்லாமல் யாழ்ப்பாணக் கல்வியின் பெருமையைச் சொல்வது வரலாற்றின் ஒரு பாதியை மட்டும் சொல்வதாகும்.

பாட்டும் கூத்தும் எழுத்தும்

நடந்து வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தாலும் தெய்வங்களையும் பாடல்களையும் ஆட்டங்களையும் உடன்கொண்டு வந்தனர். வடபாதை முடிந்து ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து சென்ற மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் அதன் திருவிழா இன்றும் மலையகத்தின் பெருவிழாக்களுள் ஒன்றாகும். அம்மை நோய்க்கும் மழைக்கும் உரிய மாரியம்மன், கொள்ளைநோய் துரத்திய பாதையால் வந்தோரின் முதற்பெருந்தெய்வமானது இயல்பே. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் தலையாய கூத்துகளாக நிலைபெற்றன. மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, மன்மதனுக்கும் இரதிக்கும் திருமணம் நிகழ்த்தி, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதையும் இரதியின் புலம்பலையும் தப்பு முழக்கத்தோடு ஆடும் காமன் கூத்தில், நடிப்போர் சிலராயினும் பங்கேற்போர் தோட்டம் முழுவதுமாவர். கடலில் பட்ட அச்சத்தையும் கங்காணியின் கொடுமையையும் பிரிந்த ஊரின் ஏக்கத்தையும் சொல்லும் வாய்மொழிப் பாடல்கள், அரசாங்க ஏடுகள் பதியாத வரலாற்றைப் பாதுகாத்து வந்தன.

எழுத்துலகிலும் இவ்வாழ்க்கை காலத்தோடேயே தடம் பதித்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பொருளாகக் கொண்டு ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர் பத்திரிகையையும் துண்டுப் பிரசுரத்தையும் தொழிற்சங்கத்தையும் ஒருங்கே கருவியாக்கி, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நடுவே பாடல்களால் விழிப்பூட்டினார். தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கவிதையிலும் நாவலிலும் அம்மக்களின் வாழ்வை எழுதியதோடு நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். அளவெட்டி தந்த எழுத்தாளரும் பத்திரிகையாளருமான அ.ந. கந்தசாமி (1924–1968) ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவராக நின்று, உழைக்கும் மக்களின் பக்கம் இலக்கியம் நிற்கவேண்டும் என்று வாதாடினார்.

அளவெட்டியின் பண்பாட்டு வரலாற்றில் மற்றொரு செய்தி இங்கே எண்ணத்தக்கது. நாதஸ்வரக் கலைஞர் என்.கே. பத்மநாதன், தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி ஆகியோரால் இவ்வூரின் பெயர் தமிழ் இசையுலகெங்கும் பரவியது. இக்கலை மரபு தஞ்சைப் பகுதியிலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து வந்த கலைஞர்களோடும், அவர்களிடம் பயின்றவர்களோடும் வளர்ந்தது. அவர்களை யாழ்ப்பாணம் வரவேற்றது, போற்றியது, தன் பெருமையாகவும் ஆக்கிக்கொண்டது. அதே நீரிணையை, அதே தமிழகத்திலிருந்து, ஏறக்குறைய அதே காலங்களில் கடந்து மண்வெட்டியும் கூடையும் பிடித்தவர்களையோ ‘தோட்டக்காட்டார்’ என்று ஒதுக்கியது. கலைக்குக் கொடுத்த மதிப்பு நியாயமானது. உழைப்புக்கு அம்மதிப்பைக் கொடுக்காதது அநியாயமானது.

வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 780,000 பேராக, நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேற்பட்டோராக இருந்த இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை, சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. அளவெட்டிக்கு அண்மையிலுள்ள தெல்லிப்பழையில் வளர்ந்து, காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இச்சட்டத்தை எதிர்த்து நின்றார்; இப்பிரச்சினையில் தமிழ்த் தலைவர்களிடையே எழுந்த பிளவு 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றுவதற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. வலிகாமத்தின் அரசியல் வரலாற்றில் பெருமையோடு நினைவுகூரத்தக்க நிலைப்பாடு இது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர் 975,000 பேர் எனக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. எந்த மன்னார்க் கரையில் பாட்டன்மார் இறங்கினார்களோ, அதே தலைமன்னார்த் துறையிலிருந்து பேரப்பிள்ளைகள் இராமேசுவரத்துக்குக் கப்பலேற்றப்பட்டு மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களுள் பலர் அதற்கு முன் தமிழகத்தைக் கண்ணால் கண்டதில்லை. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெருமளவு நீங்கியது.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகளால் தோட்டங்களைவிட்டு ஓடியவர்களுள் பல ஆயிரம் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. முன்னோர் நடந்து கடந்த வன்னிக் காட்டையே அவர்கள் வெட்டித் திருத்தி வயலாக்கினர். பின்னர் நடந்த போரின் சுமையையும் அங்கேயே தாங்கினர். ஆனால், அவர்களுள் பலர் காணி உறுதி இன்றியும் கூலிகளாகவும் வாழ நேர்ந்ததும், மலையகச் சிறுவர் சிறுமியர் யாழ்ப்பாண வீடுகளில் வேலைக்கு வைக்கப்பட்டதும் வடபுலச் சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகளை எழுப்புகின்றன.

அங்கீகாரம் எதில் உள்ளது

கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவையை அடைவோர், அவ்வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரத்தைக் காண்பர். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சியில், தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்ட இடம் சுற்றுலாத் தலமாகியுள்ளது. கண்டிக்கு அருகே அந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் ஜேம்ஸ் டெய்லரின் நினைவைப் பேணுகிறது. அந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ‘பீக்கோ’ நடைபாதை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, உலகெங்கிலுமிருந்து மலைநடையாளர்களை ஈர்க்கிறது. அந்நடைபாதையின் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளர் வெட்டிய வழிகளிலும் அன்றாடம் நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகளிலும் செல்கிறது. மலைநடை இலங்கைக்குப் புதிய வருவாய் ஈட்டித் தரும் தொழிலாகியுள்ள இக்காலத்தில், அவ்வழிகளை உருவாக்கியவர்களின் கதையும் அங்கே சொல்லப்படவேண்டும். அவ்வருவாயில் லயன்களில் வாழ்வோருக்கும் பங்கு சேரவேண்டும்.

மலையக மக்கள் தம் வரலாற்றைத் தாமே பேண முன்வந்துள்ளனர். கம்பளைப் பகுதியில் பழைய லயன் ஒன்றில் அமைந்துள்ள தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் தப்பையும் ஆவணங்களையும் சேர்த்து வைத்துள்ளது. வருகையின் இருநூறாவது ஆண்டான 2023இல், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, முன்னோர் நடந்த வழியைத் தழுவி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. அதில் நடந்தவர்கள் இரக்கத்தை வேண்டவில்லை. தம் வரலாற்றையும் போராட்டத்தையும் பங்களிப்பையும் நாடு ஏற்கவேண்டும் என்பதையும், காணியும் வீடும் நியாயமான ஊதியமும் சமமான குடியுரிமையும் கிடைக்கவேண்டும் என்பதையும் கோரிக்கையாக முன்வைத்தனர். தேயிலை ஏற்றுமதியால் நாடு ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டிவரும் நிலையில், நாட்கூலியை 1,000 ரூபாவாக்குவதற்கே பல ஆண்டுகாலப் போராட்டமும் 2021ஆம் ஆண்டின் அரசாங்க வர்த்தமானி அறிவித்தலும் தேவைப்பட்டன என்பது, அக்கோரிக்கைகளின் நியாயத்தை விளக்கப் போதுமானது.

நினைவுத் தூண்கள் தேவை. ஆனால் தூண்களோடு நின்றுவிடும் அங்கீகாரம் பயன் தராது. மலைநாட்டை உருவாக்கியவர்களின் சந்ததிக்கு அம்மலைநாட்டில் சொந்தமென ஒரு துண்டு நிலம் கிடைக்கும் நாளிலேயே அவர்களது நடை உண்மையில் முடிவுக்கு வரும். வடபுலத்துக்கும் இதில் செய்யவேண்டிய பணிகள் உள்ளன. மன்னார் முதல் மதவாச்சி வரையான பழைய பாதையின் கிணறுகளும் மடங்களும் புதைகுழிகளும் இருந்த இடங்கள் ஆராய்ந்து அடையாளமிடப்படவேண்டும். வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களுக்குக் காணி உறுதி வழங்கப்படவேண்டும். அவர்களுள் முதியவர்களின் நினைவுகள் அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யப்படவேண்டும். யாழ்ப்பாணத்து மாணவர் தம் ஊரின் புலவர்களையும் கலைஞர்களையும் கற்பதுபோலவே வடபாதையால் நடந்தவர்களையும் கற்கவேண்டும். அளவெட்டி போன்ற ஊர்களின் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இப்பணியை எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் இன்றே தொடங்கலாம், தொடங்கவேண்டும்.